ஆறாம் பத்தி

ஜூன் 9

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதினோரு வருடங்களுக்கு முன்பு உங்களுக்கு அடிக்கடி இருமல் வரும் என்று அம்மா சொன்னாள். இப்போது எப்படி இருக்கிறது?

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறாரே உங்கள் அண்ணன், அவருடைய ஒரே மகள் நான். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். நீங்கள் வீட்டை விட்டுப் போனபோது எனக்கு நான்கு வயது. உங்கள் தோளில் உட்கார்ந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ் ஓட்டியது மட்டும் நினைவிருக்கிறது. அப்போது உங்களைச் சித்தப்பா என்று கூப்பிட்டேன். இனி அத்தை என்று கூப்பிடலாமா? தெரியாததால்தான் மேலே ஆசிரியர் என்று போட்டேன்.

அம்மா பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். சென்ற வாரம் பேனா தேடி அவளுடைய இழுப்பறையைத் திறந்தேன். உங்கள் பத்திரிகை மூன்று இதழ்கள் இருந்தன. பின்னட்டையில் உங்கள் படம். அப்பாவுக்குப் பொட்டு வைத்து லிப்ஸ்டிக் போட்டதுபோல இருந்தது. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எனக்கு அப்படித்தான் தோன்றியது.

“யாரும்மா இது?” என்றேன்.

“உங்க அத்தைதான். வாய மூடிக்கிட்டுப் படி.”

வாயை மூடிக்கொண்டு மூன்றையும் படித்துவிட்டேன். பிறகு இரண்டாம் முறையும் படித்தேன். திருநங்கையர், திருநம்பியர் முதலான எல்லோரையும் சேர்த்துச் சொல்லும் பால்புதுமையினர் என்ற சொல்லை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பார்த்ததும் என் சொல் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

நானும் எழுத்தாளராக விரும்புகிறேன். நீங்கள் பென்சிலில் எழுதுவீர்களா, பேனாவிலா? எத்தனை முறை அடித்து எழுதுவீர்கள்? பதில் போடுவதானால் மருத்துவமனை முகவரிக்குப் போடுங்கள். அப்பாவுக்கு இது தெரியாது.

இருமல் வந்தால் வெந்நீர் குடியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி (அண்ணன் மகள்)


ஜூன் 24

அன்புள்ள மருமகளே,

சிகரெட்டை விட்டேன், இருமல் தானாகப் போய்விட்டது. நீ எப்படி இருக்கிறாய்? அண்ணிக்குக் கால்வலி உண்டே, நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலையில் அது தணிந்ததா?

அத்தை என்றே கூப்பிடு. அந்த முறைக்கு வேறு ஆளும் இல்லை, எனக்கும் வேறு மருமகள் இல்லை.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்கு மேல்மாடியில் ஒரு பெரிய அறையில் இருக்கிறேன். பத்திரிகை அலுவலகம், நாடக ஒத்திகை, சமையல், தூக்கம் எல்லாம் அதே அறைதான். கீழே நாளெல்லாம் “கிளட்ச மிதிங்க, கிளட்ச” என்று டிரைவிங் மாஸ்டர் கத்திக்கொண்டிருப்பார். அவர் திருநம்பி, சாயங்காலம் ஆனால் மாடியேறி வந்து எங்கள் நாடகத்தில் கத்துவார். பகலில் எனக்கு வேலை பாடநூல் அச்சகத்தில். மெய்ப்புப் பார்க்கிறேன். உன் வேதியியல் புத்தகத்தில் பிழை இருந்தால் திட்டிக்கொள், அது நானாக இருக்கலாம்.

பென்சிலில்தான் எழுதுகிறேன். அடிப்பதற்குக் கணக்கு வைப்பதில்லை.

என்னை மேடைக்கு நிறையப் பேர் கூப்பிடுகிறார்கள். கதை வாசிக்கிறேன் என்றால் முகம் சுருங்கிவிடும். “கதையெல்லாம் வேணாங்க. நீங்க பட்ட கஷ்டத்த ஒரு அரை மணி நேரம் சொல்லுங்க, எல்லாருக்கும் மனசு உருகும்” என்பார்கள். உங்கள் மனதை உருக்குவது என் தொழில் இல்லை என்று சொல்லிவிட்டு வருவேன். அதனால் எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர். நல்ல பெயர்தான்.

எங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறவர்களுக்கு மூன்று நிபந்தனைகள். கண்ணாடி முன்னால் நின்று யாரும் தன்னைத் தானே உற்றுப் பார்க்கக் கூடாது. கடைசிப் பக்கத்தில் யாரும் சாகக் கூடாது. எழுதியவர் பார்க்காத அழுகையை எழுதக் கூடாது. இந்த மூன்றையும் வைத்த பிறகு வருகிற கதைகள் பாதியாகக் குறைந்தன. மிஞ்சிய பாதி நன்றாக இருக்கிறது.

நன்றாகச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் படி.

உன் அத்தை


ஜூலை 20

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். அம்மாவின் கால்வலி தணியவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தை மேசைக்கு அடியில் வைத்துப் படித்தபோது அவள் சிரித்த சிரிப்பில், வாயைத் திறந்து உட்கார்ந்திருந்த நோயாளி பயந்துவிட்டார். நீங்களும் சுகம்தானே?

கடிதத்தைப் பதினாறு முறை படித்துவிட்டேன். வேதியியல் புத்தகத்தில் இரண்டு பிழைகள் கண்டுபிடித்தேன். பக்க எண்களைத் தனியாக எழுதி வைத்திருக்கிறேன், வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

அப்பாவிடம் மெதுவாகப் பேசிப் பார்த்தேன். கடையில் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுற்றையும் வாய்க்குள் எண்ணுவார். நடுவில் பேசினால் எண்ணிக்கை போய்விடும். அதனால் ஒரு காயில் முடிகிறவரை நின்றேன். பிறகு, “அப்பா, உங்க கூடப் பொறந்தவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு தெரியுமா?” என்றேன்.

“அவனப் பத்தி இந்தக் கடையில பேச்சு வேணாம்” என்றார்.

“வீட்ல பேசலாமா?”

“அங்கயும் வேணாம்.” அடுத்த காயிலை எடுத்து, ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்துவிட்டார்.

உங்களுக்கு வருத்தமே வராதா அத்தை? கடிதத்தில் ஓரிடத்தில்கூட இல்லையே. நீங்கள் எனக்காக மறைக்கிறீர்களோ என்று நினைத்தேன்.

எங்கள் ஊர் வாசகர் சங்கம் மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி வைத்திருக்கிறது. நான் ஒன்று எழுதி அனுப்பினேன். எதைப் பற்றி என்று இப்போது சொல்லமாட்டேன். முடிவு வரட்டும்.

மழைக்கு மாடி ஒழுகாமல் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


ஆகஸ்ட் 8

அன்புள்ள மருமகளே,

உடம்புக்கு ஒன்றுமில்லை, கால்தான் ஓய்வில்லாமல் அலைகிறது. உன் சுகத்தையும் அண்ணியின் சுகத்தையும் எழுது.

எங்கள் நாடகத்துக்கு வாடகை வாங்கிக்கொண்ட அரங்கக்காரர்கள், விளம்பரத் தாளைப் பார்த்ததும் “குடும்பத்தோட வர்ற இடம் இது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நாங்களும் குடும்பத்தோடுதான் வருகிறோம் என்றேன். கேட்கவில்லை. அரங்கத்தின் வாசல் படிக்கட்டிலேயே நடத்தினோம். உள்ளே நடந்த வேறொரு நிகழ்ச்சியைவிட வெளியே கூட்டம். காவலாளி முதலில் விரட்ட வந்தார், பிறகு படியில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார்.

அந்த நாடகத்தை இந்த இதழில் முழுதாக அச்சிட்டிருக்கிறோம். அண்ணிக்கு வந்து சேரும். வீட்டை விட்டு ஒருத்தியை அனுப்பும் கதை. முதல் காட்சியில் அண்ணன் தங்கையைப் பெல்ட்டால் விளாசுவான். ஊருக்கு ஊர் அந்த இடத்தில் ஜனங்கள் மூச்சு விடுவதில்லை. தங்கை பெல்ட்டைப் பிடுங்கும்போது கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆகிறது.

வருத்தம் கேட்டாயே. கடைசியாகப் பல்வலி வந்தபோது மிகவும் வருத்தப்பட்டேன்.

பக்க எண்களை உடனே அனுப்பு.

உன் அத்தை


செப்டம்பர் 2

அன்புள்ள அத்தைக்கு,

நான் சுகம். சுகத்தைவிட மேலே ஒரு சொல் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு முதல் பரிசு.

கட்டுரையின் தலைப்பு ‘என் அத்தை’. உங்களைப் பற்றித்தான் எழுதினேன். நானூறு கட்டுரைகளில் என்னுடையது முதலில் வந்திருக்கிறது. எங்கள் மொழி ஆசிரியை (மூச்சு விடும் இடமெல்லாம் கமா போடச் சொல்வதால் அவருக்குக் கமா டீச்சர் என்று பெயர்) வகுப்பில் எழுந்து நிற்க வைத்துச் சொன்னார். தலைமை நடுவர் ஓய்வுபெற்ற நீதிபதி. “ஆறாம் பத்தியப் படிச்சப்ப கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டேன்” என்று அவரே சொன்னாராம். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி நகர மன்றத்தில் விழா. நான் மேடையில் முழுவதையும் வாசிக்க வேண்டும். பிறகு பத்திரிகை ஒன்றின் மாணவர் இணைப்பிலும் வரும்.

படி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். படித்துவிட்டு உடனே எழுதுங்கள். உங்களுக்கு எவ்வளவு பிடித்தது என்று தெரிந்துகொள்ளும்வரை எனக்கு வேறு எதிலும் மனம் ஓடாது.

உங்கள் பல் இப்போது எப்படி இருக்கிறது? இங்கே வந்தால் அம்மா சொல்லி இலவசமாகப் பார்க்க வைப்பாள்.

பெருமையுடன்,
உங்கள் மருமகள்


செப்டம்பர் 9

மருமகளே,

பல் நன்றாக இருக்கிறது. கடித்துத் துப்பும் அளவுக்கு நன்றாக இருக்கிறது.

உன் கட்டுரையைப் பென்சிலால் திருத்தித் திருப்பி அனுப்புகிறேன், எங்களுக்கு எழுதுகிற யாருக்கும் செய்வதுபோலத்தான். ஒன்று முதல் ஐந்துவரை நல்ல பத்திகள். ஜன்னல் கம்பியில் பஸ் ஓட்டிய பத்தி மிக நன்று, தொடவில்லை. ஆறாம் பத்தியை எடுத்து இங்கே எழுதுகிறேன், நீயே சத்தமாக வாசித்துப் பார்:

‘யாருக்கும் தெரியாமல், குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் என் அத்தை தேம்பித் தேம்பி அழுவார். ஊர் ஒதுக்கிய அந்த உயிருக்கு, அந்தக் குழாய் ஒன்றே துணை.’

எந்தக் குழாய்? எங்கள் மாடியில் குளியலறைக்குள் குழாயே கிடையாது. முற்றத்தில் ஒன்று இருக்கிறது. ஐந்து வீட்டுக்காரர்கள் வாளியோடு வரிசையில் நிற்பார்கள். அதைத் திறந்துவிட்டு நான் அழுதால், பின்னால் நிற்கிறவர் வாளியாலேயே மண்டையில் போடுவார்.

டிரைவிங் மாஸ்டருக்கு வாசித்துக் காட்டினேன். “நீங்க அழுவீங்களா? சொல்லவே இல்லையே” என்று விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பத்து வருடமாக நான் எழுதுவது, ஊர்வலம் போவது, படிக்கட்டில் ஆடுவது எல்லாமே எதற்கு? எங்களைப் பார்த்து யாரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்குத்தான். துடைத்துக்கொண்டு போய் அதே ஆள் எங்களுக்கு வீடு வாடகைக்குத் தரமாட்டார். நீ என்னைக் கேட்காமல் எழுதினாய். அது போகட்டும், சின்னப் பெண். பார்க்காததை எழுதினாய். அது போகாது.

ஆறாம் பத்தி இருக்கிற கட்டுரையில் நான் இல்லை. இரண்டில் ஒன்றை எடுத்துவிடு.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

அத்தை


செப்டம்பர் 17

அத்தைக்கு,

அம்மா சுகம். நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை, இப்போது சாப்பிடுகிறேன்.

உங்கள் கடிதத்தைக் கமா டீச்சரிடம் காட்டாமல், ஆறாம் பத்தியை எடுக்கலாமா என்று மட்டும் கேட்டேன். “பைத்தியமா உனக்கு? அந்தப் பத்திக்குத்தாம்மா பரிசே குடுத்திருக்காங்க. அத எடுத்தா மிச்சம் என்ன இருக்கு?” என்றார். சங்கத்துக்குத் தொலைபேசியில் பேசியும் பார்த்தார். தேர்வான கட்டுரையில் ஓர் எழுத்து மாறினாலும் பரிசு இரண்டாவதாக வந்தவருக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் செய்தது தவறு. குழாயை நானாகத்தான் எழுதினேன். நீங்கள் வருத்தம் இல்லை என்று சொன்னதை நான் நம்பவில்லை. அழுகிறவர் என்றால்தான் படிப்பவர்களுக்கு உங்களைப் பிடிக்கும் என்று நினைத்தேன்.

ஆனால் அத்தை, உங்களையும் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் நாடகம் வந்த இதழைப் படித்தேன். முதல் காட்சியில் பெல்ட் வருகிறது. என் அப்பா பெல்ட் கட்டி நான் பார்த்ததே இல்லை. அம்மாவைக் கேட்டேன். நீங்கள் போன அன்று அம்மா வீட்டில் இருந்தாளாம். “உங்கப்பா கை ஓங்கல. கத்தக்கூட இல்ல” என்றாள். பிறகு என்ன செய்தார் என்று கேட்டால், “அத உங்க அத்தையே சொல்லட்டும்” என்று எழுந்து போய்விட்டாள்.

நாடகத்தின் கீழே ‘உண்மைச் சம்பவம்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். மூன்றாம் நிபந்தனை அழுகைக்கு மட்டும்தானா, அடிக்குக் கிடையாதா? உங்கள் நாடகத்தில் இருக்கிறவர் என் அப்பா இல்லை. நானும் இரண்டில் ஒன்றை எடுக்கச் சொல்லலாம் அல்லவா?

இப்படி எழுதுவது மரியாதை இல்லை என்று தெரியும். எழுதாமல் இருந்தால் பொய்யாக இருக்கும்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருமகள்


அக்டோபர் 3

அன்புள்ள அத்தைக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? இரண்டு வாரமாகத் தபால்காரர் வரும் நேரத்துக்கு மருத்துவமனைக்குப் போய் உட்கார்கிறேன். பல் டாக்டர், “உனக்குப் பல்லுல ஒண்ணுமே இல்லையேம்மா, தினமும் எதுக்கு வர்ற?” என்கிறார்.

இதற்குப் பதில் வராவிட்டாலும் ஒன்று சொல்ல வேண்டும். விழா அழைப்பிதழ் வீட்டுக்கே வந்துவிட்டது. பரிசு பெற்றோர் பட்டியலில் என் பள்ளி, வகுப்பு, கட்டுரைத் தலைப்பு எல்லாம் இருந்தன. அப்பா அதை நின்றுகொண்டே படித்தார். அவருக்குக் கூடப் பிறந்தவர் ஒருவர்தான். தலைப்பைப் பார்த்தே புரிந்துவிட்டது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனார். அன்று சுற்றிய காயில் எரிந்துபோய், மோட்டார்க்காரர் வந்து சத்தம் போட்டார். அப்பாவுக்கு எண்ணிக்கை தவறி நான் பார்த்ததே இல்லை.

அம்மாவிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என்னிடமும் கேட்கவில்லை.

பதினெட்டுக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. என்ன வாசிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் மருமகள்


அக்டோபர் 9

அன்புள்ள மருமகளே,

நான் சுகம். நீ ஒழுங்காகச் சாப்பிடு. ஒரு பத்திக்காகப் பட்டினி கிடக்கிற வழக்கம் நம் குடும்பத்தில் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம்.

உனக்குப் பதில் எழுதப் பலமுறை உட்கார்ந்தேன். முதலில் எழுதியதெல்லாம் கோபம். நீ குழந்தை, உனக்கு என்ன தெரியும் என்று நான்கு பக்கம். அதைக் கிழித்தேன். பிறகு பெல்ட் என்பது ஒரு குறியீடு, கலைக்கு அந்த உரிமை உண்டு என்று இரண்டு பக்கம். அதையும் கிழித்தேன். குறியீட்டுக்குக் கீழே ‘உண்மைச் சம்பவம்’ என்று யாரும் அச்சிடுவதில்லை.

நடந்தது இது. நான் பெண் என்று வீட்டில் சொன்னேன். அண்ணன் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் பெட்டி கட்டினேன். கட்டி முடித்ததும் எழுந்து வந்து, என் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லி உள்ளே எடுத்துப் போகப் போகிறார் என்று நினைத்தேன். வாசலைத் தாண்டி நடந்தார். பேருந்து நிலையம்வரை அவர் முன்னே, நான் பின்னே. பெட்டியைப் பேருந்தில் மேலே ஏற்றிவைத்தார். எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அடித்திருந்தால் நானும் திருப்பி அடித்திருப்பேன். இதற்கு என்ன செய்வது என்று பதினோரு வருடமாக எனக்குத் தெரியவில்லை. மேடையில் இதை வைத்தால் ஒருவரும் கைதட்ட மாட்டார்கள், ‘பரவாயில்லையே, பெட்டி தூக்கிக் கொடுத்தாரே’ என்பார்கள். அதனால் அவர் இடுப்பில் ஒரு பெல்ட்டைக் கட்டிவிட்டேன். உன் நீதிபதிக்குக் குழாய் எப்படியோ, என் ஜனங்களுக்குப் பெல்ட் அப்படி.

நேற்று காட்சியை மாற்றி எழுதினேன். பெல்ட் போய்விட்டது. டிரைவிங் மாஸ்டர்தான் அண்ணன் வேடம். “சும்மா பெட்டியத் தூக்கிட்டு நடக்கறதுக்கு ஒரு நடிகனா? ஒரு போர்ட்டரப் புடிச்சுப் போடுங்க” என்று கோபித்துக்கொண்டு கீழே போய்விட்டார். அடுத்த இதழில் என் பெயரில் மன்னிப்புக் குறிப்பும் வருகிறது. யாரிடமும் மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை, இரண்டு வரிக்கு மேல் வரவில்லை.

என் பக்கம் முடிந்தது. நீ என்ன வாசிக்க வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. மேலே எழுதியதை எடுத்துக்கொள்ள உனக்கு அனுமதி உண்டு. இந்த முறை நீ கேட்பதற்கு முன்பே கொடுத்துவிட்டேன். ஆனால் இது பாதி அவருடையது. அந்தப் பாதிக்கு நீதான் கேட்க வேண்டும்.

உன் அத்தை


அக்டோபர் 20

அன்புள்ள அத்தைக்கு,

நான் சுகம், அம்மா சுகம். தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

விழா நாள் காலையில் கடைக்குப் போனேன். அப்பா ஒரு பெரிய மோட்டாரை அவிழ்த்து வைத்திருந்தார்.

“அப்பா, அன்னைக்கு நீங்க பெட்டியத் தூக்கிட்டுப் போனீங்களா?”

திருப்புளியைக் கீழே வைக்கவில்லை. திருகுவதை மட்டும் நிறுத்தினார். “கனமா இருந்துச்சு. உள்ள பூராவும் புத்தகம்” என்றார்.

“அத நான் மேடையில படிக்கப் போறேன். நீங்க வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க.”

“சாயங்காலம் இத டெலிவரி குடுக்கணும்” என்று மறுபடியும் திருக ஆரம்பித்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. நான் இன்னொரு முறை கேட்டேன். “உனக்குப் பள்ளிக்கூடம் இல்லையா?” என்றார். அதற்கு மேல் எனக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை. இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

மன்றத்தில் முன்னூறு பேர் இருந்திருப்பார்கள். அம்மா மூன்றாம் வரிசையில், பக்கத்து நாற்காலியில் பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். என் முறை வந்தபோதும் அந்தப் பை அங்கேயேதான் இருந்தது.

ஐந்து பத்திகளை அப்படியே வாசித்தேன். ஆறாவதற்கு வந்ததும் முன்வரிசையில் நீதிபதி கண்ணாடியைக் கழற்றிக் கையில் தயாராக வைத்துக்கொண்டார். நான் காகிதத்தைத் திருப்பினேன். பின்பக்கத்தில் புதிய ஆறாம் பத்தியைப் பென்சிலில் எழுதியிருந்தேன்.

‘பரிசு வாங்கிய ஆறாம் பத்தியில் என் அத்தை அழுகிறார். அதை நான் பார்க்கவில்லை. அழுகிற திருநங்கை என்றால் உங்களுக்குப் பிடிக்கும் என்று தெரிந்து எழுதினேன். உங்களுக்குப் பிடித்தது. என் அத்தை எழுத்தாளர். அரங்கத்தில் இடம் தராதவர்களின் வாசற்படியில் நாடகம் போடுகிறவர். அவரை ஊர் ஒதுக்கியது என்று எழுதியிருந்தேன். அதுவும் சரியில்லை. ஒதுக்கியது எங்கள் வீடு.’

இந்த இடத்தில் நீதிபதி கையைக் காட்டினார். “பாப்பா, பரிசு வாங்கின கட்டுரைய மட்டும் படிம்மா” என்றார். “இதுதாங்க ஐயா அது. ஒரு பத்தி திருத்தியிருக்கு” என்றேன். சங்கச் செயலாளர் யாருக்கோ தலையாட்டினார். ஒலிபெருக்கி நின்றுவிட்டது.

அத்தை, நான் நிறுத்தவில்லை. ஒலிபெருக்கி இல்லாமல் படிக்கட்டில் நாடகம் போடுகிறவரின் மருமகள் நான். அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்து, ‘எங்கள் வீட்டில் யாரும் அவரை அடிக்கவில்லை’ என்று கத்தி வாசித்தேன். ‘திட்டவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு போய்ப் பேருந்தில் ஏற்றிவிட்டோம். எங்கே போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. பதினோரு வருடம் கழித்தும் கேட்கவில்லை.’

கூட்டத்தில் ஒரே சலசலப்பு. “இதுக்கா ஃபர்ஸ்ட் பிரைஸ்?” என்று ஒருவர். “வீட்டு விஷயத்த மேடையில சொல்லுது பாரு” என்று ஒரு பெண். கடைசி வரிசைக்குப் பின்னால், கதவை ஒட்டி நின்றிருந்த கூட்டத்தில் ஒருவர் சத்தமாக, “யார் வீட்டுப் பொண்ணுங்க இது? கேக்க ஆள் இல்லையா?” என்றார்.

அவருக்கு முன்னால் நின்றவர் திரும்பினார். கையெல்லாம் கிரீஸ். எப்போது வந்தார் என்று எனக்குத் தெரியாது.

“என் பொண்ணுதான். கொஞ்சம் பேசாம இருங்க, அவ படிக்கறது கேக்கல.”

அப்பா அதைக் கத்திச் சொல்லவில்லை. மன்றம் அந்த நேரத்தில் அடங்கிப்போனதால் மேடைவரை கேட்டது. நான் கடைசி வரிவரை வாசித்தேன். யாரும் கைதட்டவில்லை. அம்மா மட்டும் தட்டிவிட்டு, தனியாகக் கேட்டதால் நிறுத்திக்கொண்டாள்.

பரிசு இரண்டாவதாக வந்தவனுக்குப் போய்விட்டது. மாணவர் இணைப்பிலும் வராது. கமா டீச்சர் முதலில் என்னிடம் பேசவில்லை. பிறகு வந்து காகிதத்தை வாங்கிப் பார்த்து, “திருத்தின பத்தியில கமாவே இல்ல, ஆனா மூச்சு வாங்காமப் படிச்ச” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பாவின் வண்டியில் வீடு திரும்பினோம். வண்டியை நிறுத்திப் பூட்டிய பிறகு, சாவியைப் பார்த்துக்கொண்டே, “அவ இப்ப எங்க தங்கியிருக்கா?” என்றார்.

டிரைவிங் ஸ்கூல் மாடி என்றேன். நான் சொன்னது சரிதானே?

தொண்டைக்கு வெந்நீர் குடிக்கிறேன்.

உங்கள் மருமகள்


அக்டோபர் 29

அன்புள்ள மருமகளே,

தொண்டை சரியாகும்வரை உரக்கப் பேசாதே. பிறகு எப்போதும் உரக்கவே பேசு. நான் சுகம், அண்ணியிடம் சொல்.

உன் புதிய பத்தியை எங்கள் இதழில் போடுகிறேன். ‘கேட்கவில்லை’ என்பது இரண்டு முறை வருகிறது. ஒன்றை அடிக்கலாம் என்று பென்சிலை எடுத்தேன், வைத்துவிட்டேன். இரண்டும் இருக்கட்டும்.

மாற்றிய காட்சியைச் சென்ற ஞாயிறு முதல்முறையாக நடத்தினோம். கைதட்டல் இல்லை. நான் சொன்னதுபோலவே ஒருவர், “அண்ணன் நல்லவர்தான் போல” என்றார். ஆனால் முன்னால் இருந்த ஓர் அம்மாள் நாடகம் முடிந்தும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் போன பிறகு, தன் மகன் ஊர் போகும்போது தானே சட்டைகளை மடித்து வைத்துக் கொடுத்ததாக என்னிடம் சொன்னார். இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரியாதாம். அழவில்லை. எங்கே விசாரிப்பது என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார். பெல்ட் இருந்தவரை அப்படி ஒருவரும் வந்து பேசியதில்லை.

அண்ணன் கேட்டதற்குப் பதில்: ஆமாம், டிரைவிங் ஸ்கூல் மாடிதான். அவருக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது, வார்த்தை மாறாமல் சொல்.

டிரைவிங் மாஸ்டருக்குக் கோபம் தணியவில்லை, மாடியேறி வருவதில்லை. அதனால் அண்ணன் வேடத்தில் இப்போது நடிப்பது நான். என் வேடத்தில் குழுவில் இளையவள் ஒருத்தி நடிக்கிறாள். அவள் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு நான் முன்னே நடக்கிறேன். பின்னால் நடந்து வந்தவளுக்கு அவருடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. பார்க்காததை எழுதி ஒருமுறை பட்டது போதும். அவர் வந்து பார்த்து, தவறு இருந்தால் எல்லோர் முன்னாலும் எழுந்து சொல்லட்டும். திருத்திக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு, மாலை ஐந்து மணி, இதே மாடியில். என் அண்ணன் என்ற சலுகையில் நேராக உள்ளே வர வேண்டாம். எல்லோரையும்போல வரிசையில் நின்று டிக்கெட் எடுத்து வரச் சொல். வாசலில் யார் என்று கேட்டால், எனக்கு யார் என்று அவரே வாயைத் திறந்து சொல்லட்டும்.

உன் அத்தை